சாஃப்டின் தேய்ந்த இடத்துக்கு மொலிப்டினம் தெளிக்கலாமா?

கேள்வி: கிளிநொச்சிப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சிக்கு அண்மையில் ஒரு சிறிய லேத் பட்டறை நடத்தி வருகிறேன். உழவு இயந்திரம், நெல் அறுவடை இயந்திரம், நீர்ப்பம்பி, அரிசி ஆலை ஆகியவற்றின் பாகங்களே எங்களிடம் பெரும்பாலும் திருத்த வருகின்றன. இப்போது மூன்று வேலைகள் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மருந்தாக, மொலிப்டினம் என்ற உலோகத்தை உருக்கித் துளிகளாக வீசிப் படியவைக்கும் தெளிப்புப் பூச்சைப் பரிந்துரைக்கிறார்கள். செலவு சிறியதல்ல என்பதால், அனுப்புவதற்கு முன் அறிந்தவர்களிடம் கேட்டுவிட எண்ணுகிறேன்.

முதலாவது, அரிசி ஆலை ஒன்றின் ஊதுவிசிறிச் சாஃப்ட். பெயாரிங் அமரும் இடத்தில் 50 மில்லிமீற்றர் விட்டம் இருக்க வேண்டும். பெயாரிங்கின் உள்வளையம் சாஃப்டின் மேல் வழுக்கிச் சுற்றியதால், இரண்டு பக்கமும் விட்டத்தில் 0.35 மில்லிமீற்றர் வரை தேய்ந்து விட்டது. இதே ஆலையின் வேறொரு சாஃப்டை நான் சென்ற ஆண்டு வெல்டிங் செய்து நிரப்பிக் கடைந்து கொடுத்தேன். வெப்பத்தில் சாஃப்ட் வளைந்தது. நிமிர்த்திய பின்பும் அதிர்வு முழுமையாக நீங்கவில்லை. இரண்டு மாதத்தில் பெயாரிங் உடைந்தபோது காலபோக அறுவடை உச்சத்தில் இருந்தது. அவித்த நெல் முற்றத்தில் காத்துக் கிடந்தது. அந்தப் பழி என்னுடையது. அது மறுபடியும் நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாகக் கேட்கிறேன்.

இரண்டாவது, தோட்டக் கிணற்று நீர்ப்பம்பியின் சாஃப்ட். நீர் கசியாமல் அடைக்கும் கிளாண்ட் பக்கிங் உராயும் இடத்தில் வளையம் வளையமாகப் பள்ளம் விழுந்துள்ளது. மூன்றாவது, ஓர் உழவு இயந்திரத்தின் கியர் பொக்ஸ். கியரை மாற்றும் உருக்குக் கவையின் இரு நுனிகளும் தேய்ந்திருக்கின்றன. அதே பெட்டியில் ஒரு வெண்கலப் புஷ்ஷும் தளர்ந்திருப்பதால் அதையும் சேர்த்துத் தெளித்து விடலாம் என்று சொல்கிறார்கள்.

உதிரிப்பாகம் கொண்டு வரும் முகவர் ஒருவர், மொலிப்டினம் எந்த உலோகத்திலும் தானாக ஒட்டும், துருப்பிடிக்காது, உருகுநிலை 2600 பாகைக்கு மேல் என்பதால் எவ்வளவு வெப்பத்தையும் தாங்கும் என்று மூன்று உறுதிகள் தந்தார். இவற்றில் எவை உண்மை? நாங்கள் பூட்டுகளுக்குப் பூசும் கறுப்பு 'மொலி' கிறீஸும் இதுவும் ஒன்றா? சாஃப்டைக் கொழும்புப் பக்கம் அனுப்புவதென்றால் ஏ-9 வீதி வழியே 300 கிலோமீற்றருக்கு மேல் போய் வர வேண்டும். வேலை பிழைத்தால் திருப்பி அனுப்பப் பருவம் காத்திருக்காது.

பதில் 1: மாங்குளத்துக் கடைசலாளர்

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லேத்தின் முன் நிற்பவன் என்ற முறையில் என் கையால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். உள்ளே நடப்பதன் காரணத்தைப் படித்தவர்கள் சொல்வார்கள்.

நான் இரண்டு சாஃப்டுகளை மொலிப்டினம் தெளிக்க அனுப்பியிருக்கிறேன். ஒன்று உங்களுடையதைப் போன்றதே: நெல் உயர்த்தியின் மேற்சாஃப்ட், பெயாரிங் இருக்கை. அது திரும்பி வந்து பல போகங்கள் கடந்துவிட்டன. ஒரு முறை பெயாரிங்கை மாற்றுவதற்காகக் கழற்றியபோது பூச்சு சாம்பல் நிறத்தில், மங்கிய வெள்ளிபோல, தேயாமல் அப்படியே இருந்தது. உள்வளையம் நுண்ணியதாக அசைந்து அசைந்து செந்நிறத் தூள் கொட்டும் நோய் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் தடயம்கூட அங்கே இல்லை.

மற்றையது நீர்ப்பம்பிச் சாஃப்ட். அதுவும் அதே பட்டறையில், அதே கம்பியால், அதே கைகளால் செய்யப்பட்டதுதான். வந்தபோது பார்க்க அழகாக இருந்தது. ஒரு மாரி கழிந்ததும் பூச்சின் ஓரத்தில் துருநீர் கசியத் தொடங்கியது. அடுத்த போகத்துக்குள் மீன் செதிள் போலக் கழன்று விழுந்துவிட்டது. பூச்சு துருப்பிடிக்கவில்லை, அதன் கீழே இருந்த உருக்கே துருப்பிடித்தது. தெளித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. நீர் படும் இடம் என்பதை அனுப்பும்போது நான் எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆகையால் உங்கள் இரண்டாவது வேலைக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். கிளாண்ட் இருக்கும் பகுதியைக் கடைந்து, துருப்பிடியா உருக்கில் ஒரு சிலீவ், அதாவது சாஃப்டின் மேல் அமரும் உறை, செய்து ஏற்றுங்கள். அது உங்கள் பட்டறையிலேயே முடியும். அடுத்த முறை தேய்ந்தால் சிலீவை மட்டும் மாற்றலாம். எங்கள் பகுதிக் கிணற்று நீர் காரை படியும் கடின நீர் என்பதால் அது எப்படியும் தேயத்தான் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூச்சு சாஃப்டுக்கு அளவைத் திருப்பிக் கொடுக்கும். பலத்தைத் திருப்பிக் கொடுக்காது. தேய்ந்த இடத்தையும், சிறப்பாக விட்டம் மாறும் தோள் மூலையையும், சாவிக் குழியின் ஓரத்தையும் நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணத்தூள் பூசி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அதில் நுழைந்த மண்ணெண்ணெய் சுண்ணத்தில் கோடாக எழும். அப்படிக் கோடு எழுந்த சாஃப்டுக்கு மொலிப்டினமும் உதவாது, தங்கமும் உதவாது. புதிய தண்டு எடுத்துக் கடையுங்கள்.

பதில் 2: வவுனியா ஆசிரியர்

உயர்தர வகுப்பில் பொறியியற் தொழினுட்பவியல் கற்பிப்பவன். மேலே ஐயா எழுதியவற்றின் காரணங்களைச் சொல்ல முயல்கிறேன். முகவர் தந்த மூன்று உறுதிகளும் ஒவ்வொன்றும் ஓர் உண்மையின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்பவை என்பதால் அந்த வரிசையிலேயே போகிறேன்.

தானாக ஒட்டும் என்பது உண்மைதான். மொலிப்டினத்தின் முழுச் சிறப்பும் அதில்தான் இருக்கிறது. தெளிப்புப் பூச்சுகளில் பெரும்பாலானவை அடித்தளத்தின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. நகம் சுவரைப் பற்றுவதுபோல. மொலிப்டினம் 2623 பாகை செல்சியசில் உருகுகிறது. இரும்பு 1538 பாகையிலேயே உருகிவிடும். உருகிய மொலிப்டினத் துளி ஒன்று உருக்கின் மேல் விழும்போது, தொடுகின்ற அந்த இடத்தில் உருக்கின் மேற்றோல் ஒரு கணம் உருகுகிறது. துளியும் தோலும் ஒன்றாகி உடனே உறைகின்றன. துளி ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் சில பங்கு அளவே உடையது. அது நொடிக்குப் பத்து இலட்சம் பாகை என்ற அளவில் குளிர்கிறது. எனவே அந்தந்தப் புள்ளியில் ஒரு நுண்ணிய வெல்டிங் நடந்தாலும், சாஃப்ட் முழுவதும் எடுத்துக்கொள்ளும் சூடு மிகக் குறைவு. உங்கள் வெல்டிங் வேலையில் சாஃப்ட் வளைந்ததற்கும் இதில் வளையாததற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இதற்குத் துணையாக மொலிப்டினத்தின் ஒட்சைட்டுக்கு ஒரு விசித்திரமான குணமும் உண்டு. மொலிப்டினம் மூவொட்சைட்டு 795 பாகையில் உருகுகிறது. அதற்குச் சற்று முன்பிருந்தே ஆவியாகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, அலுமினியத் துளியைப்போல ஒட்சைட்டுத் தோலொன்றைச் சுமந்துகொண்டு மொலிப்டினத் துளி பறப்பதில்லை. மேலே உருவாகும் ஒட்சைட்டு வழியிலேயே ஆவியாகிப் போக, உலோகத்தின் துப்புரவான முகம் உருக்கைத் தொடுகிறது.

ஆனால் 'எந்த உலோகத்திலும்' என்பது பிழை. உருக்கிலும் வார்ப்பிரும்பிலும் இது நன்றாக ஒட்டும். செப்பிலும் வெண்கலத்திலும் பித்தளையிலும் தானாக ஒட்டாது. செப்பு 1085 பாகையிலேயே உருகும் உலோகமாயிற்றே, இன்னும் எளிதாக ஒட்ட வேண்டாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். செப்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண உருக்கைப்போல் ஏழெட்டு மடங்கு. துளி கொண்டு வரும் சூட்டை அது உடனே உள்ளே இழுத்துவிடுவதால் மேற்றோல் உருகுவதில்லை. அதற்கும் மேலாக, செப்பும் மொலிப்டினமும் ஒன்றிலொன்று கரையாதவை, தொட்டாலும் கலப்பதில்லை. ஆகவே உங்கள் வெண்கலப் புஷ்ஷை அந்தப் பொதியிலிருந்து எடுத்துவிடுங்கள். புஷ் என்பது தேய்வதற்காகவே வைக்கப்பட்ட பாகம். புதியது கடைவது பூச்சைவிட மலிவு. நைதரசன் ஏற்றிக் கடினப்படுத்திய மேற்பரப்பிலும் குரோமியம் முலாமிட்ட மேற்பரப்பிலும்கூட இதன் ஒட்டுகை நம்பத்தக்கதல்ல. பழைய முலாம் இருந்தால் அதை முற்றாக அரைத்து நீக்கிய பின்பே தெளிக்க வேண்டும்.

துருவைப் பற்றி: மொலிப்டினம் தன்னளவில் அரிப்புக்கு நன்றாக ஈடுகொடுக்கும் உலோகம்தான். ஆனால் நாம் பேசுவது மொலிப்டினத் துண்டைப் பற்றியல்ல, துளிகள் தட்டையாகி ஒன்றன்மேலொன்று அடுக்கப்பட்ட ஒரு பூச்சைப் பற்றி. அடுக்குகளின் இடையே நுண்துளைகள் உண்டு. நீர் அவற்றின் வழியே உருக்கை அடைந்தால், இரு உலோகங்களும் நீரும் சேர்ந்து ஒரு மின்கலமாகின்றன. அதில் கரைவது உருக்கு. மாங்குளத்து ஐயா கண்ட துருநீர் இதுவே. பிசின் வகை அடைப்பான்களைத் தடவித் துளைகளை மூடலாம், தாமதப்படுத்தலாம். எப்போதும் ஈரமாக உராயும் கிளாண்ட் இடத்தில் அதை நம்பியிருக்க மாட்டேன்.

வெப்பத்தைப் பற்றி முகவர் சொன்னதுதான் மூன்றிலும் அதிகம் வழிதவற வைப்பது. உருகுநிலை 2623 பாகை என்பது காற்று இல்லாத இடத்துக்கு உரிய பெருமை. காற்றில் 400 பாகையை நெருங்கும்போதே மொலிப்டினம் குறிப்பிடத்தக்க வேகத்தில் ஒட்சியேற்றமடையத் தொடங்குகிறது. இன்னும் சூடேறினால், முன்னே நன்மையாகச் சொன்ன அதே ஆவியாகும் ஒட்சைட்டு இங்கே தீமையாகிறது. இரும்பின் துரு இரும்பின் மேலேயாவது கிடக்கும். மொலிப்டினத்தின் ஒட்சைட்டு புகையாகவே போய்விடும், பூச்சு மெலிந்துகொண்டே போகும். எனவே காற்றில் தொடர்ந்து வேலை செய்யும் பாகங்களுக்கு 320 முதல் 350 பாகை வரை என்று எல்லை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. புகைபோக்கி, வெளியேற்று வால்வு, உமி எரிக்கும் உலை ஆகியவற்றின் பாகங்களுக்கு இது உரியதல்ல. அத்தகைய இடங்களில் நிக்கலும் அலுமினியமும் கலந்த பூச்சையே அடியில் தெளிப்பார்கள்.

கறுப்புக் கிறீஸில் இருப்பது மொலிப்டினம் இருசல்பைட்டு. அது உலோகமன்று; காகித அடுக்குகள்போல ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் ஒரு கனிமம். பென்சிற்கரியைப் போலவே தோன்றுவதால் பழங்காலத்தில் அதையும் ஈயத் தாதையும் ஒன்றாகக் கருதினார்கள். மொலிப்டினம் என்ற பெயரே ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1778 இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே அது வேறொரு தனிமத்தின் தாது என்று காட்டினார். 1781 இல் இயெல்ம் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். கிறீஸ் வழுக்குவதற்கு, பூச்சு பற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கு. எண்ணெய் ஒரு கணம் விலகி இரு உருக்குகள் நேரடியாக உராயும்போது நுண்முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்து காயம் உண்டாகிறது. ஒரு பக்கம் மொலிப்டினமாக இருந்தால் அந்த ஒட்டுதல் எளிதில் நிகழாது. பூச்சின் துளைகளில் தேங்கிய எண்ணெயும் அவ்வேளையில் கைகொடுக்கிறது. அந்தத் துளைகளே நீர்ப்பம்பியில் கேடாகவும் கியர் பொக்ஸில் நன்மையாகவும் அமைகின்றன. உங்கள் உருக்குக் கவை எண்ணெயில் மூழ்கி, சுழலும் வளையத்தின் பள்ளத்தில் உராய்வது. அதற்கு இதைவிடப் பொருத்தமான பூச்சை நான் அறியேன். வாகனத் தொழிற்சாலைகளே கவை நுனிகளுக்கும், கியரின் வேகத்தை ஒத்திசைக்கும் வளையங்களுக்கும் இதைத் தெளித்து வருகின்றன.

கேட்டவரின் மறுமொழி: கிளிநொச்சிப் பட்டறை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாங்குளத்து ஐயா சொன்ன மண்ணெண்ணெய்ச் சோதனையை இன்று காலையிலேயே செய்தேன். ஊதுவிசிறிச் சாஃப்டில் கோடு எதுவும் எழவில்லை. நீர்ப்பம்பிக்குச் சிலீவ் கடைய முடிவு செய்துவிட்டேன். வெண்கலப் புஷ்ஷையும் புதிதாகக் கடைகிறேன். இனி இருப்பது சாஃப்டும் கவையும். எவ்வளவு கடைந்து அனுப்ப வேண்டும், எவ்வளவு தடிப்புக் கேட்க வேண்டும், திரும்பி வந்ததும் என் லேத்திலேயே அளவுக்குக் கொண்டு வர முடியுமா என்பவற்றை அறிய விரும்புகிறேன். அந்த உழவு இயந்திரத்தின் எஞ்சினையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. கடையில் மொலி முகமிட்ட பிஸ்டன் ரிங், குரோம் முகமிட்ட ரிங் என இரண்டும் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

பதில் 3: புதுக்குடியிருப்பிலிருந்து

வளைகுடா நாடொன்றில் தெளிப்புப் பூச்சுப் பட்டறையில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். மொலிப்டினக் கம்பியைத் துப்பாக்கியில் ஊட்டி, ஒட்சிசனும் அசற்றலீனும் எரியும் சுவாலையில் உருக்கி, அழுத்தக் காற்றால் துளியாக்கி வீசுவதே எங்கள் நாளாந்த வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தின் மாக்ஸ் உல்ரிச் ஷூப் தொடங்கி வைத்த முறையின் வழிவந்ததுதான் அது. அசற்றலீன் சுவாலை ஏறத்தாழ 3100 பாகை வரை போகும். சமையல் வாயுவின் சுவாலை மொலிப்டினத்தின் உருகுநிலையைச் சற்றே தாண்டும் என்பதால் கம்பி சீராக உருகாது. ஆகவே நீங்கள் அனுப்பும் இடத்தில் எந்த வாயு என்று முதலில் கேளுங்கள். பிளாசுமா முறையில் தூளாகத் தெளிப்பவர்களும் உண்டு. கம்பியில் வரும் பூச்சு பறக்கும்போது ஒட்சிசனை உள்வாங்கிக் கடினமாகிறது. பிளாசுமாப் பூச்சு அதைவிட மென்மையானது, அடர்த்தி கூடியது. பெயாரிங் இருக்கைக்குக் கம்பிப் பூச்சே போதும்.

தடிப்பைப் பற்றிச் சொல்கிறேன். பலர் பிழை விடுவது இங்கேதான். மொலிப்டினம் நன்றாக ஒட்டுகிறது என்பதற்காக மொலிப்டினத்தையே தடிப்பாக ஏற்றக் கூடாது. சூட்டில் உருக்கு விரிவதில் பாதியளவுகூட மொலிப்டினம் விரியாது. 50 மில்லிமீற்றர் சாஃப்டை 100 பாகை சூடேற்றினால் உருக்கின் விட்டம் 0.06 மில்லிமீற்றர் கூடும். அதே அளவு மொலிப்டின வளையம் 0.025 மட்டுமே கூடும். மெல்லிய பூச்சு இந்த இழுபறியைத் தாங்கும். தடிப்பான பூச்சு நாளடைவில் வெடிக்கும், அல்லது ஓரத்தில் கிளம்பும். உங்கள் சாஃப்டில் தேய்வு ஒரு பக்கத்துக்கு 0.18 மில்லிமீற்றர் அளவில் இருப்பதால், வட்டம் சீராகும்வரை மட்டும் கடைந்து 49.4 மில்லிமீற்றரில் நிறுத்தினால், முடிந்த பூச்சு பக்கத்துக்கு 0.3 மில்லிமீற்றர்தான் வரும். அவ்வளவையும் மொலிப்டினமாகவே விடலாம். தேய்வு இதைவிட ஆழமாக இருந்திருந்தால், 0.1 மில்லிமீற்றர் மொலிப்டினத்தை அடியில் பிடிப்பாகத் தெளித்து, மேலே 13 வீதக் குரோமியம் உள்ள உருக்குக் கம்பியால் நிரப்பச் சொல்லியிருப்பேன், விலையும் குறையும்.

கடையும் போது பள்ளத்தின் இரு ஓரங்களையும் செங்குத்தாக விடாதீர்கள். துளிகள் மூலையில் பாலம்போலப் படிந்து, கீழே வெற்றிடம் விட்டுவிடும். ஓரம் சரிவாக இருக்கட்டும். தோளின் வளைவுக்குள் பள்ளத்தைக் கொண்டுபோகவே வேண்டாம், அது சாஃப்ட் முறியும் இடம். கடைசிச் சீவலை எண்ணெயோ குளிர்நீரோ இல்லாமல் உலர்வாக எடுங்கள். கடைந்த இடத்தை வெறுங்கையால் தொட வேண்டாம். விரல் ரேகையின் எண்ணெய் போதும், அந்த இடத்தில் பூச்சு பிடிக்காமல் போவதற்கு. தானாக ஒட்டும் உலோகம் என்பதால் துகள் வீசிச் சொரசொரப்பாக்கும் வேலையைச் சில பட்டறைகள் விட்டுவிடுகின்றன. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அலுமினியம் ஒட்சைட்டுத் துகளால் அடித்து, ஈரம் போக 100 பாகை அளவில் சூடாக்கி, மறுபடி ஈரமோ தூசியோ படியும் முன்பே தெளிக்க வேண்டும். கவை பழைய கியர் எண்ணெயில் ஊறியது. ஒரு முறை கழுவினால் போதாது. சூடாக்கினால் எண்ணெய் வெளியே வியர்க்கும்; துடைத்துவிட்டு மீண்டும் சூடாக்க வேண்டும், வியர்வை நிற்கும்வரை. கவையில் 0.2 மில்லிமீற்றருக்கு மேல் தேவைப்படாது.

உங்கள் லேத்தில் இதை முடிக்க முடியாது. கம்பி மொலிப்டினப் பூச்சை லேத் கத்தியால் வெட்டினால் துளிகள் அடுக்கடுக்காகப் பிடுங்கப்பட்டு முகம் சொரசொரவென்று நிற்கும். பச்சை நிறச் சிலிக்கன் காபைட்டுக் கல்லால், நிறையக் குளிர்நீர் விட்டு, சிறு சிறு ஆழமாக உருளை அரைப்பு இயந்திரத்தில் அரைக்க வேண்டும். தெளிக்கும் பட்டறையிடமே அரைத்துத் தரக் கேளுங்கள். தெளித்த விட்டம் 50.4 அளவில் இருந்தால் அரைப்பதற்கு இடம் இருக்கும். இறுதி அளவாக 50.002 முதல் 50.018 வரை என்று எழுதிக் கொடுங்கள். உள்வளையம் இறுக்கமாக அமரும் பொருத்தம் அது. 'பெயாரிங்குக்கு ஏற்றவாறு' என்று மட்டும் எழுதினால் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய அளவில் விடுவார்கள்.

தெளிப்புத் தூசியைப் பற்றியும் ஒரு சொல். தெளிக்கும்போது எழும் மொலிப்டின ஒட்சைட்டுப் புகை மூச்சுக் குழலை உறுத்தும்; காற்றிழுப்பும் முகமூடியும் இல்லாத அறையில் நிற்கக் கூடாது. அந்தத் தூசியை மாடு மேயும் தரவையில் கொட்டவும் கூடாது. புல்லில் மொலிப்டினம் மிகுந்தால் மாட்டின் உடலில் செப்புக் குறைந்து, கழிச்சலும் மெலிவும் வரும்.

பதில் 4: மாங்குளத்துக் கடைசலாளர்

ரிங்கைப் பற்றித் தம்பி கேட்டிருந்தார். நான் குரோமையே சொல்வேன். இரண்டு முகத்தையும் ஓட்டிப் பார்த்த அனுபவத்தில், உழவும் சூட்டடிப்புமாகத் தூசிக்குள்ளேயே நிற்கும் எஞ்சினில் குரோம் முகம் அதிக காலம் நின்றது. மொலி முகத்தின் துளைகளில் எண்ணெய் தேங்குவதைப்போலவே மண்ணும் தேங்கும் என்று நினைக்கிறேன்.

பதில் 5: வவுனியா ஆசிரியர்

ஐயாவின் முடிவோடு உடன்படுகிறேன். எனினும் அதை மொலிப்டினத்தின் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம். ரிங் எண்ணெய்ப் படலம் அறுந்து சிலிண்டரோடு ஒட்டிக் காயப்படும் ஆபத்தில் மொலிப்டின முகமே மேலானது; குரோமியத்தின் உருகுநிலை 1907 பாகைதான், துளைகளும் அதில் இல்லை. நீண்ட நேரம் சூடாக, சீராக ஓடும் எஞ்சினுக்கு மொலி பொருந்தும். கூர்மையான மணல் உள்ளே வரும் எஞ்சினில் எதிரி உராய்வுச் சூடல்ல, மணலின் சுரண்டல். அங்கே அடர்த்தியான குரோம் முகம் நன்று. ஆனால் எந்த ரிங்கை இட்டாலும், காற்று வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இறப்பர்க் குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்க்காமல் எஞ்சினைப் பூட்டாதீர்கள். எங்கள் செம்மண் தூசி அதிகம் நுழைவது அந்த வெடிப்புகளின் வழியே. சிலிண்டர்ச் சுவர் குரோம் முலாமிட்டதாக இருந்தால் குரோம் ரிங் இடவே கூடாது. குரோமும் குரோமும் ஒன்றையொன்று பிய்க்கும்.

கேட்டவரின் மறுமொழி: கிளிநொச்சிப் பட்டறை

சிலிண்டர் சாதாரண வார்ப்பிரும்புதான். குரோம் ரிங் எடுக்கிறேன். குழாயில் இரண்டு வெடிப்பு இருந்தது, மாற்றிவிட்டேன். சாஃப்டோடு அனுப்பும் தாளில் இவ்வாறு எழுதியிருக்கிறேன்: உலர்ந்த இடம், எண்ணெய் இல்லை, கிறீஸ் இட்ட பெயாரிங், சாதாரண வெப்பநிலை, அசற்றலீன் சுவாலையில் மொலிப்டினக் கம்பி, துகள் வீச்சுக் கட்டாயம், அரைத்து முடித்த விட்டம் 50.002 முதல் 50.018 வரை. கவைக்குத் தனித் தாள். வேறு ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

பதில் 6: புதுக்குடியிருப்பிலிருந்து

தாளில் ஒன்று விடுபட்டிருக்கிறது, தம்பி. சாவிக் குழியின் ஓரத்திலும் எண்ணெய் போகும் துளையிலும் பூச்சு ஏறாதபடி அடைத்துத் தெளிக்கச் சொல்லி எழுதுங்கள். அங்கே படிந்ததைப் பிறகு உளியால் தட்டி எடுக்க முயன்றால், பக்கத்தில் நல்லதாக இருக்கும் பூச்சும் சேர்ந்து கிளம்பும்.

சாஃப்ட் வந்ததும் பெயாரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம். இந்தப் பூச்சு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், அடியைத் தாங்காது. பெயாரிங்கை எண்ணெயில் இட்டு 110 பாகை வரை சூடாக்கினால் அது கையால் தள்ளும்போதே தோள்வரை போய் அமரும். குளிரும்வரை அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்திருங்கள், இல்லாவிட்டால் தோளிலிருந்து சற்று விலகி இறுகிவிடும்.